புகைக் கட்டுப்பாடும் எரிபொருட் சிக்கனமும்

மோட்டார் வண்டியின் புகைக் குழாய் வழியாக வெளியேறும் பொருள்கள் யாவும் இரண்டு இடங்களிலிருந்து வந்தவையே. ஒன்று, வண்டியின் எரிபொருள் தொட்டி. மற்றொன்று, எஞ்சின் உறிஞ்சிக்கொண்ட காற்று. தொட்டியிலிருந்து கார்பனும் ஹைட்ரஜனும், அற்ப அளவில் கந்தகமும் வருகின்றன. காற்றிலிருந்து பிராணவாயுவும் நைட்ரஜனும் வருகின்றன. மசகு எண்ணெயில் சிறிதளவு எரிந்து போவதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே சென்ற அணுக்களில் ஒன்று குறைவதுமில்லை, ஒன்று மிகுவதுமில்லை. அவை ஒன்றோடொன்று சேரும் விதமே மாறுகிறது. பொருள் அழியாமை விதியைக் கற்பிக்கும் ஆசிரியர் இதைவிட எளிய உதாரணத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

புகைச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுவரும் உடைமையாளர்கள் களப்பணியாளரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சர்க்கார் புகைக்கு எல்லை விதிக்க விதிக்க, வண்டி குடிக்கும் பெட்ரோல் கூடுகிறதா, குறைகிறதா என்பதே அது. கூடுகிறது என்று உறுதியாக நம்புகிறவர்கள் பலர். புதிய வண்டியில் பொருத்தப்படும் கருவிகள் எஞ்சினின் மூச்சை அடைக்கின்றன என்றும், அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் சில பட்டறைகளில் சொல்லப்படுகிறது. இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. புகையில் உள்ள எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

‘புகை’ என்ற ஒரே சொல்லால் இவை அனைத்தையும் சுட்டுவது நமது வழக்கம். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை. எரிபொருள் முற்றாக எரிந்தால் கிடைப்பது கரியமில வாயுவும் நீராவியுமே. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடும், எரியாமலே தப்பிய ஹைட்ரோகார்பன்களும், கரித்துகளும் வெளிப்படும். காற்றிலுள்ள நைட்ரஜன் எஞ்சினுக்குள் எழும் கடும் உஷ்ணத்தில் பிராணவாயுவுடன் கூடினால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகும். இந்த மூன்று வகைகளும் எரிபொருட் சிக்கனத்துடன் மூன்று வெவ்வேறு உறவுகள் கொண்டவை.

முற்றாக எரிவதன் கணக்கு

முதலில் கரியமில வாயுவைக் கவனிப்போம். இதை வடிகட்டிப் பிடித்து வைக்கும் கருவி எதுவும் வண்டிகளில் இல்லை. தொட்டியில் ஊற்றிய கார்பன் எப்படியும் குழாய் வழியே வெளிவந்தே தீரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.37 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகிறது. முக்கால் கிலோ எடையுள்ள திரவத்திலிருந்து இத்தனை எடை எங்ஙனம் வந்தது என மாணவர்கள் வியப்பதுண்டு. காற்றிலிருந்து பெற்ற பிராணவாயுவின் எடையும் அதில் சேர்ந்திருப்பதே காரணம். கார்பனின் அணு எடை 12. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. பெட்ரோலில் கார்பன் நூற்றுக்கு ஏறத்தாழ 86 பங்கு என்று கொண்டு பெருக்கிப் பார்த்தால் விடை தானே கிடைத்துவிடும்.

ஆகவே கரியமில வாயுவைக் குறைப்பதும் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதும் ஒரே செயலின் இரண்டு பெயர்களே. சோதனைச்சாலையில் இந்த உண்மை நேரடியாகப் பயன்படுகிறது. வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி, விதிக்கப்பட்ட வேகங்களில் ஓடச் செய்து, வெளிவரும் வாயுவைப் பைகளில் சேகரிக்கிறார்கள். அதிலுள்ள கரியமில வாயு, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றின் கார்பனைக் கூட்டி, அத்தனை கார்பனைத் தர எத்தனை லிட்டர் பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். விளம்பரங்களில் காணப்படும் ‘லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்னும் எண், இவ்வாறு குழாயின் முனையில் அளந்து பெறப்பட்டதே.

அடுத்து கார்பன் மோனாக்ஸைடு. ஒரு மோல் கார்பன் முழுவதும் எரிந்து கரியமில வாயுவானால் ஏறத்தாழ 393 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். பாதி வழியில் நின்று கார்பன் மோனாக்ஸைடாகிவிட்டால் 110 கிலோஜூல்தான் பிறக்கும். எஞ்சிய 283 கிலோஜூல் வண்டியை ஓட்டாமல் குழாய் வழியே போய்விடுகிறது. புகையிலுள்ள கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடாக வெளிவரும் பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உடைமையாளர் தாம் வாங்கும் பெட்ரோலின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கை இவ்வாறு இழக்கிறார். உயிருக்கு ஆபத்தான விஷ வாயு ஒன்றைத் தம் பணம் கொடுத்தே உற்பத்தி செய்து வீதியில் விடுகிறார் என்பதும் இதன் பொருள். இத்தகைய வண்டியில் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதத்தைச் சீர்செய்தால் புகையும் குறையும், செலவும் குறையும். இங்கே சட்டமும் சிக்கனமும் ஒரே திசையில் இழுக்கின்றன.

நம் நாட்டில் இதற்குத் தலைசிறந்த சான்று இரண்டு வீச்சு எஞ்சின்தான். 1980-களிலும் 1990-களிலும் இந்திய வீதிகளில் ஓடிய ஸ்கூட்டர்களிலும் ஆட்டோ ரிக்ஷாக்களிலும் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. இந்த எஞ்சினில் எரிந்த வாயுவை வெளியே தள்ளும் வேலையைப் புதிதாக உள்ளே வரும் கலவையே செய்கிறது. விருந்து முடிந்தவர்களை வெளியேற்றும்போது பந்திக்கு வந்தவர்களில் சிலரும் உடன் வெளியேறிவிடுவதுபோல, எரியாத கலவையில் கணிசமான பங்கு திறந்திருக்கும் துளை வழியே நேரே குழாய்க்குள் போய்விடும். சில நிலைகளில் இந்த இழப்பு மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டும். அதோடு பெட்ரோலில் கலந்த மசகு எண்ணெயும் எரிந்து, அந்த வண்டிகளுக்கே உரிய நீலப் புகையை உண்டாக்கியது.

இரு சக்கர வண்டிகளின் ஹைட்ரோகார்பனுக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுக்கும் சேர்த்து 2000-ம் ஆண்டில் கிலோமீட்டருக்கு 2 கிராம் என்றும், 2005-ம் ஆண்டில் 1.5 கிராம் என்றும், 2010-ம் ஆண்டில் 1 கிராம் என்றும் எல்லை இறங்கியது. எரியாத பெட்ரோலை ஒழுகவிடும் எஞ்சினால் இதை எட்டுவது கடினமாயிற்று. நான்கு வீச்சு எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. 1985-லேயே சந்தைக்கு வந்த நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களைச் சிக்கனத்திற்காகவே மக்கள் விரும்பி வாங்கினர் என்பதையும் சொல்ல வேண்டும். மாறுதல் முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. ஆயினும் எஞ்சிய இரண்டு வீச்சு வண்டிகளைச் சந்தையிலிருந்து விலக்கியது எல்லைகளே. அதனால் எவருக்கும் பெட்ரோல் நஷ்டம் நேரவில்லை.

உஷ்ணத்தின் விலை

மூன்றாவது வகையான நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இவை எரிபொருளின் குறைபாட்டால் பிறப்பவை அல்ல. நன்றாக எரிவதால் பிறப்பவை. சாதாரண உஷ்ணநிலையில் நைட்ரஜன் எதனோடும் எளிதில் கூடாத வாயு. ஆனால் சிலிண்டருக்குள் சுடர் தோன்றும்போது உஷ்ணநிலை 2000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டக்கூடும். அந்நிலையில் நைட்ரஜன் மூலக்கூறு உடைந்து பிராணவாயுவுடன் சேரும் முறையைச் சோவியத் விஞ்ஞானி ஸெல்தோவிச் 1940-களில் விளக்கினார். உஷ்ணம் சிறிது ஏறினாலும் இவ்வினையின் வேகம் பன்மடங்கு ஏறும்.

எஞ்சினின் திறனோ அதே உஷ்ணத்தையும் அமுக்கத்தையும் நம்பியிருக்கிறது. அமுக்க விகிதம் உயர்ந்தால், எரிதல் உரிய தருணத்தில் நிகழ்ந்தால், அதே பெட்ரோலில் அதிக வேலை கிடைக்கும். அதே காரணத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடும் மிகும். தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தியோ, எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தியோ சுடரைத் தணித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும்; ஆனால் தாமதத்தின் அளவுக்கு வேலையும் வீணாகும். ஒரே எஞ்சினில், வேறு துணைக் கருவியின்றி, இரண்டு நன்மைகளையும் ஒருங்கே பெற முடியாது.

இந்த முரண்பாடு முதன்முதலில் வெளிச்சத்திற்கு வந்த இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். அங்கு வானத்தை மூடிய பழுப்பு நிறப் படலம் எதனால் உண்டாகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன விஞ்ஞானி கண்டறிந்தார். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். மணப்பொருள்களைப் பிரித்தறியும் அதே முறைகளைக் கொண்டு நகரத்துக் காற்றையும் சோதித்தார். ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் கூடி ஓஸோனையும் கண் எரிச்சலூட்டும் பொருள்களையும் உண்டாக்குகின்றன என்பது அவர் முடிவு. மோட்டார் வண்டிகளே அவற்றின் பெரும் பிறப்பிடம்.

1970-ம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய தூய காற்றுச் சட்டம், வண்டிகளின் நச்சு வாயுக்களைச் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 90 பங்கு குறைக்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. கம்பெனிகள் கையில் கிடைத்த எளிய வழிகளை நாடின. தீப்பொறியைத் தாமதப்படுத்தின, அமுக்க விகிதத்தைத் தாழ்த்தின, கழிவு வாயுவை மறுசுழற்சி செய்தன. 1970-களின் முற்பகுதியில் வந்த வண்டிகள் மந்தமாக ஓடின, பெட்ரோலையும் அதிகம் குடித்தன. வண்டிகளின் எடை கூடியதும் இதற்கு ஒரு காரணம். அந்தச் சமயத்தில், 1973 அக்டோபரில், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. தூய காற்றா, பெட்ரோலா என்ற கேள்வி அரசியல் கேள்வியாக எழுந்ததும், சட்டத்தின் காலக்கெடுக்கள் தள்ளிப்போனதும் இந்தப் பின்னணியில்தான். நம் நாட்டில் இன்று பேசப்படும் ‘சுத்தம் வேண்டுமானால் மைலேஜை மறந்துவிடு’ என்ற பேச்சின் வேர் அந்த நான்கைந்து ஆண்டுகளில் இருக்கிறது எனலாம்.

1975-ல் நிலைமை மாறியது. அவ்வாண்டு வண்டிகளில் கிரியா ஊக்கிக் கலம் பொருத்தப்பட்டது. பிளாட்டினம் முதலிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பின் வழியாகப் புகை செல்லும்போது, கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் அங்கேயே எரிந்துவிடுகின்றன. ஊக்கி தான் செலவாவதில்லை. இதன் விளைவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சுத்தம் செய்யும் பொறுப்பு எஞ்சினிடமிருந்து குழாய்க்கு மாறியதால், எஞ்சினை மீண்டும் சிக்கனத்திற்கேற்பத் திருத்தியமைக்க முடிந்தது. புகை எல்லை இறுகிய அதே ஆண்டில் எரிபொருட் சிக்கனம் உயர்ந்தது. எல்லை சற்றுத் தளர்வாக இருந்திருந்தால் கம்பெனிகள் தீப்பொறித் தாமதத்துடனேயே காலந்தள்ளியிருக்கக் கூடும். கடுமையான எல்லையே அவர்களைப் புதிய கருவியின்பால் தள்ளியது என்பது இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது எழும் எண்ணம்.

அமெரிக்கா எரிபொருட் சிக்கனத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றியதும் 1975-ம் ஆண்டின் இறுதியில்தான். ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரி 1978-ல் காலனுக்கு 18 மைலாகவும், 1985-ல் 27.5 மைலாகவும் இருக்கவேண்டும் என அது விதித்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 7.65 கிலோமீட்டர், 11.7 கிலோமீட்டர்.

நைட்ரஜன் ஆக்ஸைடையும் சேர்த்து மூன்றையும் ஒருங்கே அழிக்கும் ஊக்கிக் கலம் 1977-ல் கலிபோர்னியாவில் விற்ற வால்வோ கார்களில் வந்தது. அது வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் சிறிதும் பிசகாமலிருக்க வேண்டும். ஆகவே புகையில் எஞ்சிய பிராணவாயுவை அளக்கும் உணர்கருவியும், அதற்கேற்பப் பெட்ரோலைப் பீச்சும் மின்னணுக் கட்டுப்பாடும் தேவையாயின. காற்று மிகுந்த மெலிந்த கலவையில் ஓடினால் கிடைக்கக்கூடிய சிறிது சிக்கனத்தை இந்த நிபந்தனை தடுக்கிறது. இது மெய்யான இழப்பே. ஆனால் கார்புரேட்டர் காலத்துப் பெரும் விரயம் ஒழிந்ததால், மொத்தக் கணக்கில் ஆதாயமே மிஞ்சியது. 2020-ல் நம் நாட்டு இரு சக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் மறைந்து பீச்சு முறை பரவியதற்குக் காரணம் புகை எல்லையே.

ஈயம் கலந்த பெட்ரோல் ஊக்கியைக் கெடுத்துவிடும். எனவே 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு ஊக்கிக் கலம் கட்டாயமானபோது ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீங்கியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு ஒன்று காற்றிலிருந்து அகன்றது இவ்வகையில் நேர்ந்ததே.

டீசலின் இரட்டை வழக்கு

டீசல் எஞ்சினில் மேற்சொன்ன மூவகை ஊக்கி உதவாது. அதன் புகையில் எப்போதும் பிராணவாயு மிகுந்திருப்பதே காரணம். அமுக்க விகிதம் அதிகம், சிக்கனம் அதிகம், நைட்ரஜன் ஆக்ஸைடும் அதிகம். டீசலைச் சற்று முன்கூட்டிப் பீச்சினால் உஷ்ணம் ஏறிச் சிக்கனம் கூடும். நைட்ரஜன் ஆக்ஸைடும் கூடும். தாமதித்துப் பீச்சினால் நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும். கரித்துகளும் டீசல் செலவும் கூடும். ஒரு திருகாணியை இப்பக்கமும் அப்பக்கமும் திருப்புவது போன்றது இது.

திருகாணி இருக்குமிடத்தில் மோசடியும் இருக்கும். 1998 அக்டோபரில் அமெரிக்காவில் ஏழு பெரும் டீசல் எஞ்சின் கம்பெனிகள் அந்நாட்டுச் சர்க்காருடன் சமரசம் செய்துகொண்டன. சுமார் 13 லட்சம் கனரக எஞ்சின்களின் மின்னணுக் கட்டுப்பாடு, சோதனையின்போது ஒரு விதமாகவும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது வேறு விதமாகவும் டீசலைப் பீச்சியது என்பது குற்றச்சாட்டு. நெடுஞ்சாலையில் சிக்கனம், சோதனைச்சாலையில் தூய்மை. லாரி முதலாளிக்கு டீசல் மிச்சமாயிற்று. சாலையோரத்தில் வாழ்ந்தவர்கள் அதற்கு விலை கொடுத்தனர். 2015 செப்டம்பரில் வெளிவந்த வோக்ஸ்வாகன் விவகாரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்கள், சோதனைக்கு வெளியே, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடை வெளியிட்டன. இவ்விரு வழக்குகளிலும் கையாளப்பட்ட தந்திரம், சிக்கனத்திற்கும் தூய்மைக்கும் இடையே டீசலில் உண்மையான இழுபறி உண்டு என்பதற்குச் சாட்சி. இழுபறியே இல்லையென்றால் ஏமாற்ற வேண்டிய அவசியமும் இருந்திராது.

இந்த இழுபறியைத் தளர்த்திய கண்டுபிடிப்பு யூரியாக் கரைசல். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த தூய நீரைப் புகைக் குழாய்க்குள் தெளித்தால், வெப்பத்தில் அது அமோனியாவாகிறது. ஊக்கியின் முன்னிலையில் அமோனியா நைட்ரஜன் ஆக்ஸைடுடன் வினைபுரிந்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது. 1975-ல் பெட்ரோல் வண்டிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. சுத்தம் செய்யும் வேலை குழாய்க்குப் போனதால் எஞ்சினைச் சூடாகவும் சிக்கனமாகவும் எரியவிட முடிகிறது. கரைசலின் செலவு டீசலில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு அளவாகும். அதையும் உடைமையாளரின் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும். கரித்துகள் வடிகட்டிக்கும் ஒரு செலவு உண்டு. வடிகட்டி நிரம்பியதும் அதை எரித்துச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. அதற்காகச் சிறிது டீசல் எரிக்கப்படுகிறது. நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிகளில் இச்செலவு அதிகம்.

கந்தகத்தைப் பற்றி இங்கே கூற வேண்டும். டீசலில் கந்தகம் மிகுந்தால் ஊக்கிகள் செயலிழக்கும். பத்து லட்சம் பங்கில் 500 பங்கு என்றிருந்த கந்தக எல்லை பாரத் ஸ்டேஜ் 3-ல் 350 ஆகவும், 4-ல் 50 ஆகவும், 6-ல் 10 ஆகவும் இறங்கியது இதனால்தான். வண்டியும் எண்ணெயும் ஒருங்கே மாறினாலன்றிப் பயனில்லை. கந்தகத்தை நீக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் ஹைட்ரஜனையும் வெப்பத்தையும் செலவிடுகின்றன. அச்செலவு வண்டியின் மைலேஜில் தெரியாது.

நம் நாட்டு எல்லைகள்

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1991-லும் டீசல் வண்டிகளுக்கு 1992-லும் முதல் எல்லைகள் வந்தன. பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரல் முதல் தேதியன்று விரிவாயிற்று. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் தேதியன்று நேரே ஆறாம் நிலை அமலாயிற்று. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்ஸைடு எல்லை கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாகவும், துகள் எல்லை 0.025 கிராமிலிருந்து 0.0045 கிராமாகவும் குறைந்தது. பெட்ரோல் காருக்கு நைட்ரஜன் ஆக்ஸைடு 0.08-லிருந்து 0.06 கிராமாக மட்டுமே இறங்கியது. பாரம் யார்மீது விழுந்தது என்பதை இவ்வெண்களே காட்டும். சிறிய டீசல் கார்களைப் பல கம்பெனிகள் கைவிட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். 2023 ஏப்ரல் முதல், எடுத்துச் செல்லக்கூடிய கருவியை வண்டியிலேயே பொருத்தி, உண்மையான சாலையில் ஓட்டி அளக்கும் முறையும் சேர்ந்தது. மேற்கூறிய தந்திரங்களுக்கு எதிரான காவல் அது.

இவை சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிகள். எரிபொருட் சிக்கன எல்லையோ மின்துறை அமைச்சகத்தின் கீழுள்ள எரிசக்தித் திறன் செயலகத்தின் வேலை. 2001-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுவது. கார்களுக்கு முதற்கட்டம் 2017-18 நிதியாண்டிலும், இரண்டாம் கட்டம் 2022-23 நிதியாண்டிலும் தொடங்கின. முதற்கட்டத்தின் இலக்கு கிலோமீட்டருக்குச் சராசரி 130 கிராம் கரியமில வாயு. இரண்டாம் கட்டத்தில் 113 கிராம்.

இவ்வெல்லை தனி வண்டிக்கு அல்ல, ஒரு கம்பெனி ஓராண்டில் விற்ற எல்லாக் கார்களின் சராசரிக்கு. எடைக்கேற்ப அது மாறும். இரண்டாம் கட்டத்து வாய்பாடு வருமாறு: சராசரி எடையிலிருந்து 1145 கிலோவைக் கழித்து, 0.002 ஆல் பெருக்கி, 4.7694-ஐக் கூட்டினால், 100 கிலோமீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட லிட்டர் கிடைக்கும். சராசரி எடை 900 கிலோவாயின் எல்லை 4.28 லிட்டர்; அதாவது லிட்டருக்கு 23.4 கிலோமீட்டர். எடை 1400 கிலோவாயின் 5.28 லிட்டர், லிட்டருக்கு 18.9 கிலோமீட்டர். கனமான கார் விற்பவருக்கு எல்லை தளர்கிறது. எடையைக் குறைத்தால் எல்லையும் கூடவே இறங்குவதால், எடை குறைப்பினால் கம்பெனி பெறும் நன்மையில் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. முதற்கட்டத்தில் 1037 கிலோ என்றிருந்த அடிப்படை எடை இரண்டாம் கட்டத்தில் 1145 கிலோவாக ஏறியதைக் கவனித்தால், சர்க்காரும் கார்கள் கனப்பதை எதிர்பார்த்தே கணக்கிட்டது எனத் தெரிகிறது. எஞ்சின் வல்லுநர்கள் பாடுபட்டுப் பெற்ற சிக்கனத்தை உயரமான, கனமான கார்களின் மோகம் விழுங்கிவிடுகிறது. அதற்கான பழியைப் புகைக் கருவியின்மேல் போடுவது நியாயமன்று.

அதுபோலவே, 2025-ல் நாடெங்கும் கிடைக்கலான, 20 பங்கு எதனால் கலந்த பெட்ரோலின் விளைவையும் பிரித்தறிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பமும், எதனாலில் 21 மெகாஜூலும் உள்ளன. கலவையில் லிட்டருக்கு 29.8 மெகாஜூல், அதாவது நூற்றுக்கு 7 பங்கு குறைவு. எதனாலின் உயர்ந்த ஆக்டேன் எண்ணைப் பயன்படுத்தும்படி எஞ்சின் அமைந்திருந்தால் இதில் ஒரு பகுதி மீளும். இது எரிபொருளின் குணம். புகை எல்லையின் விளைவல்ல.

களத்தில் காண்பவை

கருவிகளை முடக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேசாமல், உடைமையாளருக்கு உண்மையை உள்ளபடி கூறுவதே நல்லது.

பெட்ரோல் வண்டியில் ஊக்கிக் கலத்தைக் கழற்றுவதால் சிக்கனம் கிடைப்பதில்லை. உணர்கருவி தவறான செய்தி பெற்றால் கட்டுப்பாட்டுக் கருவி முன்னெச்சரிக்கையாகப் பெட்ரோலைக் கூட்டியே பீச்சும். ஆகவே பெரும்பாலும் நஷ்டமே. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் மாதக்கணக்கில் ஓட்டப்படும் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

யூரியாக் கரைசல் முறையுள்ள லாரியில், கரைசல் தெளிக்கப்படுவதாகப் பொய்ச் செய்தி அனுப்பும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். இதனால் ஒரு சொட்டு டீசலும் மிச்சமாவதில்லை. கரைசலின் விலை மட்டுமே மிச்சம். அந்த எஞ்சினோ, குழாயில் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையில் சூடாக எரியும்படி அமைக்கப்பட்டது. தெளிப்பு நின்றால் அந்த நைட்ரஜன் ஆக்ஸைடு முழுவதும் அப்படியே வெளிவரும்.

டீசல் வண்டியின் மறுசுழற்சிக் குழாயைத் தகடு வைத்து அடைப்பது வேறு வகை. இதில் சிறிது டீசல் மிச்சமாகலாம், கரியும் குறையலாம். அதை மறுத்துப் பேசினால் அனுபவமுள்ள டிரைவர் நம் மற்றச் சொற்களையும் நம்பமாட்டார். மிச்சமாகும் அந்தக் காசுக்கு ஈடாக நைட்ரஜன் ஆக்ஸைடு பெருகுகிறது என்பதையும், கண்ணுக்குத் தெரியாத அவ்வாயு சாலையோரப் பள்ளிக் குழந்தைகளின் சுவாசக் குழாய்களைப் புண்ணாக்குகிறது என்பதையும், வெயிலில் ஓஸோனாகவும் நுண்துகளாகவும் மாறுவதற்குக் காரணமாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமான டீசல் புகைச் சோதனை, புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது. ஆகையால் அடைத்த வண்டியும் அதில் தேறிவிடும்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

மாணவர்கள் தங்கள் வீட்டு வண்டியின் தொட்டியை முழுக்க நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் வகுக்கட்டும். பெட்ரோலாயின் லிட்டருக்கு 2.37 கிலோ, டீசலாயின் ஏறத்தாழ 2.65 கிலோ என்று கொண்டு கரியமில வாயுவைக் கணக்கிடலாம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் கிலோமீட்டருக்கு 47 கிராம் வெளியிடும். 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 148 கிராம் வெளியிடும். லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பஸ் 660 கிராமுக்கு மேல் வெளியிடும். ஆனால் அதில் 40 பேர் பயணம் செய்தால் தலைக்கு 17 கிராமுக்குள் அடங்கும். டீசலும் பெட்ரோலும் லிட்டருக்கு லிட்டர் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதையும் இதில் காட்டலாம்.

பின்னர், இதே குறிப்பேட்டைக் கொண்டு வண்டியின் நைட்ரஜன் ஆக்ஸைடைக் கணக்கிடும்படி கேட்கலாம். சற்று முயன்றபின் அது முடியாதென மாணவர்களே கூறுவர். அந்த நைட்ரஜன் தொட்டியிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சிலிண்டரின் உஷ்ணமும் குழாயிலுள்ள ஊக்கியின் நிலையுமே தீர்மானிக்கின்றன. பெட்ரோல் பங்கின் ரசீதில் அதற்கு ஈடான எண் எதுவும் இராது. கருவி கொண்டு குழாயின் முனையிலேயே அளந்தாக வேண்டும்.